ஆறாத நீர்க்கடுப்பு: நாள்பட்ட புரோஸ்டேட் அழற்சிக்குச் சிகிச்சை என்ன, கவனிப்பு என்ன?

பாலக்காடு / இடுக்கி: வாளையாறு வழியாக நாள்தோறும் கோவைக்குச் சரக்கேற்றிச் செல்லும் ஓட்டுநரும், சின்னக்கானல் மலைச்சரிவில் தேயிலைச் செடிகளைக் கவாத்து செய்யும் தொழிலாளியும் மருந்துக்கடையில் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: “சூடு பிடித்திருக்கிறது.” அடிவயிறு கனக்கிறது, சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது, நெடுநேரம் உட்கார்ந்தால் ஆசனப் பகுதிக்கு முன்னால் குத்துகிறது. கடைக்காரர் ஐந்து நாளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையும், எரிச்சலைத் தணிக்க ஒரு பாட்டில் திரவ மருந்தும் எடுத்துத் தருகிறார். ஒரு வாரம் குறைகிறது. மறுவாரம் திரும்பி வருகிறது. அடுத்த முறை வேறு மாத்திரை.

இந்தத் தொல்லை மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால், அது நாள்பட்ட புரோஸ்டேட் அழற்சியாக இருக்கக்கூடும். இந்நோய்க்குரிய அறிகுறிகளோடு வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேலானவர்களிடம் கிருமித் தொற்று எதுவும் கண்டறியப்படுவதில்லை. கிருமி இல்லாத இடத்தில் கிருமிக்கொல்லியை மாற்றி மாற்றித் தின்பதால் நோய் தீராது; வேறு தீங்குகள் சேரலாம். எனவே, எந்த மாத்திரை என்று கேட்பதற்கு முன்னால், எந்த வகை நோய் என்று தெரிந்தாக வேண்டும்.

சுரப்பியும் அதன் நோய்களும்

புரோஸ்டேட் ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. பெரிய நெல்லிக்காய் அளவில், ஏறத்தாழ 20 கிராம் எடையில், சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்த் தாரையைச் சுற்றி அமைந்திருக்கிறது. விந்துத் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பதே அதன் பணி. சுரப்பியைச் சுற்றிலும் கீழேயும் இடுப்புத் தளத் தசைகள் தொட்டில்போல் விரிந்துள்ளன. இந்தத் தசைகள் பின்னர் முக்கியமாகும்.

புரோஸ்டேட் என்றவுடன் முதியவர்களுக்கு வரும் வீக்கமும் புற்றுநோயுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அழற்சி அப்படியன்று. 50 வயதுக்கு உட்பட்ட ஆண்கள் சிறுநீர்ப் பாதை மருத்துவரை நாடும் காரணங்களில் இதுவே முன்னணியில் நிற்கிறது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளின்படி 100 ஆண்களில் 2 முதல் 10 பேர் வரை இதன் அறிகுறிகளைச் சொல்கின்றனர். உழைக்கும் வயதில், குடும்பப் பொறுப்பு மிகுந்த பருவத்தில் வருவதால், உயிரைப் பறிக்காத நோயாக இருந்தும் இது வாழ்க்கையைக் குலைத்துவிடுகிறது.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 1995-ல் கூட்டிய நிபுணர் குழு வகுத்த நான்கு வகைப் பிரிவையே இன்றும் உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றுகின்றனர். முதல் வகை திடீரெனக் கடுங்காய்ச்சலும் குளிர்நடுக்கமுமாக வரும் கிருமித் தொற்று. இரண்டாம் வகை நாள்பட்ட கிருமித் தொற்று. சிறுநீர்த் தொற்று ஆறியதுபோல் ஆறி, அதே கிருமியால் மீண்டும் மீண்டும் தலைதூக்கும். மூன்றாம் வகைதான் பெரும்பான்மை: கிருமி இல்லாமல், முந்தைய ஆறு மாதங்களில் குறைந்தது மூன்று மாதங்களாவது நீடித்த இடுப்புக்குழி வலி. நான்காம் வகையில் அறிகுறியே இராது. வேறு எதற்கோ செய்த சோதனையில் தற்செயலாகத் தெரியவரும். அதற்குப் பொதுவாகச் சிகிச்சை தேவையில்லை.

மூன்றாம் வகைக்கு ‘அழற்சி’ என்ற பெயரே முழுமையாகப் பொருந்துவதில்லை. பல நோயாளிகளிடம் சுரப்பியில் அழற்சிக்கான தடயமே கிடைப்பதில்லை. எப்போதோ வந்துபோன தொற்று, தசை இறுக்கம், நரம்புகளின் மிகையுணர்ச்சி, மன அழுத்தம் ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலியை நிலைநிறுத்துகின்றன என்பதே இன்றைய புரிதல்.

வலி என்றால் வேதனை

சோதனைக்கு முன்னால் ஒரு தடை இருக்கிறது. அது மொழி. சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஊராட்சிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழ் பேசுவோர் திரளாக வாழ்கின்றனர். எல்லையோர மருத்துவர்கள் பலருக்குத் தமிழ் புரியும். ஆயினும், அந்தரங்க உறுப்பைப் பற்றிய பேச்சில் பாதிச் சொல் விழுங்கப்படுகிறது. எஞ்சியதிலும் குழப்பம் நேரலாம். தமிழில் ‘வலி’ என்பது மலையாளத்தில் ‘வேதனை’. அங்கே ‘வலி’ என்றால் இழுப்பு. மூச்சிரைப்பையும் அது குறிக்கும். எரிச்சலுக்கு ‘நீற்றல்’ என்றும், நீர்க்கடுப்புக்கு ‘மூத்திரக்கடச்சில்’ என்றும் சொன்னால் மலையாளம் மட்டும் அறிந்த செவிலியருக்கும் புரியும். ‘சூடு’ என்ற சொல்லை மட்டும் தவிர்ப்பது நல்லது. அதைக் காய்ச்சல் என்று குறித்துக்கொண்டால் நோயின் வகையே மாறிவிடும்.

சொல்லவேண்டியவை இவை: வலி எங்கே, எத்தனை மாதங்களாக, சிறுநீர் எத்தனை முறை, இரவில் எத்தனை முறை, விந்து வெளியேறும்போது வலிக்கிறதா, இதுவரை எந்தெந்த மாத்திரை, எத்தனை நாள். கடைசிக் கேள்விக்கான விடையைத்தான் பெரும்பாலோர் மறைக்கிறார்கள், அல்லது மறந்துவிடுகிறார்கள். காலி அட்டைகளைத் தூக்கி எறியாமல் கொண்டுபோனால் மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

வலியை எண்ணால் அளக்கவும் வழியுண்டு. 1999-ல் வெளியான ஒன்பது கேள்விகள் கொண்ட அறிகுறி அட்டவணை வலிக்கு 21, சிறுநீர்த் தொல்லைக்கு 10, வாழ்க்கைத் தரத்துக்கு 12 என மொத்தம் 43 மதிப்பெண் தருகிறது. எண் கூடக்கூடத் தொல்லை அதிகம் என்று பொருள். சிகிச்சைக்குப் பின் 6 மதிப்பெண் குறைந்தால் நோயாளிக்கு உண்மையான ஆறுதல் கிடைத்திருக்கிறது எனக் கொள்ளலாம். ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்ற பதிலை வைத்து மருந்தை மாற்றுவதைவிட இது நம்பகமானது.

என்ன சோதனைகள்

முதல் சோதனை எளியது, விலையும் குறைவு: சிறுநீர்ப் பரிசோதனையும் கிருமி வளர்ப்புச் சோதனையும். நுண்ணுயிர்க்கொல்லி தொடங்குவதற்கு முன்பே சிறுநீரைக் கொடுத்துவிட வேண்டும். முந்தின நாள் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனால் கிருமி இருந்தும் அகப்படாமல் போகலாம்.

புரோஸ்டேட்டிலேயே கிருமி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க, 1968-ல் மியர்ஸ், ஸ்டேமி என்ற இரு மருத்துவர்கள் நான்கு கண்ணாடிக் குவளைச் சோதனையை வகுத்தனர். இன்று அதன் சுருக்க வடிவம் போதுமானதாகக் கருதப்படுகிறது: மலவாய் வழியாகச் சுரப்பியை விரலால் பிசைவதற்கு முன் ஒரு சிறுநீர் மாதிரி, பின் ஒரு மாதிரி. முதலாவதில் இல்லாத கிருமி இரண்டாவதில் இருந்தால் அது சுரப்பியிலிருந்து வந்தது. கடுங்காய்ச்சல் இருக்கும்போது இவ்வாறு பிசையக் கூடாது. கிருமி இரத்தத்தில் பரவிவிடும்.

விரல் சோதனை என்றதும் பலர் எழுந்து வந்துவிடுகின்றனர். ஒரு நிமிடத்துக்குள் முடியும் அச்சோதனையில்தான் சுரப்பி நோகிறதா, பக்கத்துத் தசை நோகிறதா என்பது தெரியவரும். சிகிச்சையின் திசையே அதில் முடிவாகிறது.

ஸ்கேன் அறிக்கை தனிக் கதை. வயிற்று ஸ்கேனில் ‘கிரேடு 1 புரோஸ்டேட்டோமெகலி’ அல்லது ‘கால்சியம் படிவு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து அஞ்சி, அதற்கென்றே மருந்து தேடி அலைவோர் பலர். நடுத்தர வயது ஆண்களிடம் இவை சாதாரணமாகக் காணப்படுபவை. இவற்றால் மட்டும் வலிக்கு விளக்கம் கிடைத்துவிடாது. சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்ற எண்ணே ஸ்கேனில் பயன்மிக்க தகவல். அதேபோல், பி.எஸ்.ஏ. என்ற இரத்தச் சோதனை அழற்சியின்போது புற்றுநோய் இல்லாமலே உயரும். தொற்று தணிந்து சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்த்த பின்னரே முடிவுக்கு வர வேண்டும். இரத்தச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

கிருமி இருந்தால்

கிருமி உறுதியானால் நுண்ணுயிர்க்கொல்லி கட்டாயம். ஆனால் ஐந்து நாள் போதாது. புரோஸ்டேட் திசுவுக்குள் பெரும்பாலான மருந்துகள் எளிதில் புகுவதில்லை. புகக்கூடிய சிலவற்றில் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளூரோகுயினலோன் வகையே முதன்மையானது. இதை நான்கு முதல் ஆறு வாரங்கள் இடைவிடாது எடுக்க வேண்டும். பால், சுண்ணாம்புச் சத்து மாத்திரை, அமிலத் தணிப்பான் ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடலில் சேராது. கிளமிடியா போன்ற பாலுறவுத் தொற்று காரணமானால் மருந்தும் வேறு. மனைவிக்கும் சேர்த்தே சிகிச்சை தர வேண்டும்.

இந்த மருந்து வகை சாதாரணமானது அன்று. தசைநாண் அறுந்துபோகலாம் என்பதால் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008-ல் இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. குதிகால் நரம்பு என்று வழக்கில் சொல்லப்படும் தசைநாணே அதிகம் பாதிக்கப்படுகிறது. சரிவில் ஏறி இறங்கிப் பிழைக்கும் தோட்டத் தொழிலாளிக்கு அது பிழைப்பையே முடக்கும். மருந்து எடுக்கும் நாட்களில் குதிகால் வலித்தால் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழவும் கூடும்.

இன்னொரு சிக்கல், மருந்துக்குக் கிருமி பழகிப்போவது. நாள்பட்ட தொற்றுக்கு முதற்காரணமான ஈ.கோலை கிருமிகளில் பெரும்பகுதி இந்தியாவில் ஃப்ளூரோகுயினலோன்களுக்குக் கட்டுப்படுவதில்லை என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு அறிக்கைகள் காட்டுகின்றன. அதனால்தான் வளர்ப்புச் சோதனையில் எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறது என்று பார்க்காமல் ஆறு வாரச் சிகிச்சையைத் தொடங்குவது சூதாட்டமாகிறது. லெவோஃப்ளாக்சசின் 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணை மருந்து. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். சீட்டில்லா விற்பனையைப் பிடிக்கக் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 ஜனவரியில் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்ற திடீர்ச் சோதனைகளைத் தொடங்கியது. நுண்ணுயிர்க்கொல்லிகளை நீல உறையில் தரும் வழக்கமும் அம்மாநிலத்தில் வந்திருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கிடைக்காததை இந்தப் பக்கம் வாங்கிக்கொள்வது யாருக்கும் கடினமில்லை என்பதுதான் எல்லையோரத்தின் தனிச் சிக்கல்.

இங்கே காசநோயையும் மறக்கக் கூடாது. சிறுநீர்ப் பாதையையும் புரோஸ்டேட்டையும் காசநோய் தாக்கும். சிறுநீரில் சீழ் அணுக்கள் இருக்கும், சாதாரண வளர்ப்புச் சோதனையில் கிருமி வராது. இது அதன் முக்கிய அடையாளம். ஃப்ளூரோகுயினலோன்கள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்குவதால், அவற்றை விட்டுவிட்டுத் தின்றால் நோய் மறைந்து நின்று, கண்டறிவது தள்ளிப்போகும். மருந்துக்கு அடங்காததாகவும் மாறலாம். எடை குறைதல், மாலைக் காய்ச்சல், குடும்பத்தில் காசநோய் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுச் சோதித்துக்கொள்ளலாம். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ச் சோதனையும் மருந்தும் இலவசம்.

பாலக்காட்டு நெல்வயல்களில் இறங்கி வேலை செய்வோருக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, மெலியாய்டோசிஸ் என்ற மண்வழித் தொற்றும் ஒரு சாத்தியம். வட ஆஸ்திரேலியாவில் இந்நோய் கண்ட ஆண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் புரோஸ்டேட்டில் சீழ்க்கட்டி இருந்தது. அரிதுதான். ஆனாலும் மழைக்காலத்தில் காய்ச்சலோடு சிறுநீர் அடைத்தால் மருத்துவரிடம் வயல் வேலையைக் குறிப்பிட வேண்டும்.

கிருமி இல்லையென்றால்

பெரும்பாலோர் இந்தப் பிரிவில் அடங்குவர். ‘ஒன்றுமில்லை, போய் வாருங்கள்’ என்ற பதிலும் அவர்களுக்குத்தான் அதிகம் கிடைக்கிறது. ஒன்றுமில்லை என்பது தவறு; கிருமி இல்லை என்பதே சரி.

நோய் தொடங்கி ஓராண்டு ஆகாத, இதுவரை நுண்ணுயிர்க்கொல்லி எடுக்காத நோயாளிக்கு ஒரே ஒருமுறை குறைந்தது ஆறு வாரம் அதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் இடம் தருகிறது. பலன் இல்லையெனில் மீண்டும் கூடாது. ஏற்கெனவே பல மருந்துகளை முயன்று சலித்த நாள்பட்ட நோயாளிகள் 196 பேரிடம் வட அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2004-ல் வெளியான ஆய்வில், ஆறு வாரம் கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசினோ டாம்சுலோசினோ வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. 272 பேரிடம் அல்ஃபுசோசின் மருந்தைப் பன்னிரண்டு வாரம் சோதித்த 2008-ஆம் ஆண்டு ஆய்விலும் அதே முடிவு.

அப்படியானால் டாம்சுலோசினை ஏன் இன்றும் எழுதுகிறார்கள்? சிறுநீர் தயங்கி இறங்குதல், முழுதாக இறங்காத உணர்வு ஆகியவை உள்ளவர்களுக்கு அது உதவலாம் என்பதால். எல்லோருக்கும் ஒரே மருந்து என்ற அணுகுமுறை தோற்றதிலிருந்து, 2009-ல் ஆறு கூறுகளாக நோயைப் பிரித்துப் பார்க்கும் முறை உருவானது: சிறுநீர்த் தொல்லை, மனநிலை, சுரப்பி, தொற்று, நரம்பு, தசை. ஒருவரிடம் எந்தக் கூறுகள் தென்படுகின்றனவோ அவற்றுக்கு மட்டும் சிகிச்சை. இருவர் ஒரே பெயருள்ள நோயோடு வந்து வெவ்வேறு மருந்துச் சீட்டோடு திரும்புவது இதனால்தான். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கடன் வாங்குவதில் பொருளில்லை.

டாம்சுலோசின் வகை மருந்துகள் எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றலைத் தரும். போடிமெட்டு, குமுளி மலைப்பாதைகளில் வண்டி ஓட்டுவோர் முதல் சில நாட்கள் படுக்கப் போகும்போது எடுத்துக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். விந்து வெளிவராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிவிடுவதும் உண்டு. ஆபத்தில்லை என்றாலும் முன்கூட்டிச் சொல்லப்படாததால் பலர் பயந்து மருந்தை விட்டுவிடுகிறார்கள். ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் குறுகிய காலத்துக்குப் பயன்படும். கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் பாலக்காட்டு வெயிலில், தண்ணீர் போதாத உடம்பில் அவற்றை நாள்தோறும் போட்டால் சிறுநீரகம் கெடும். நரம்பு வலியின் சாயல் இருந்தால் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் தரப்படுவதுண்டு. அது மனச்சோர்வு மருந்து என்று இணையத்தில் படித்து, ‘என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்’ என்று கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த அளவில் அதன் வேலை வலி நரம்புகளைத் தணிப்பது.

தசையைத் தளர்த்துதல்

மாத்திரையைவிடக் குறைவாகப் பேசப்படுவதும், பலருக்கு அதைவிட அதிகம் உதவுவதும் இயன்முறைச் சிகிச்சை. வலிக்குப் பயந்து இடுப்புத் தளத் தசைகளை இறுக்கிப் பிடிப்பது நாளடைவில் பழக்கமாகி, இறுகிய தசையே வலியின் ஊற்றாகிறது. அத்தசைகளைத் தளர்த்தப் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் தேவை. அது கிடைக்காத இடத்திலும் சிலவற்றைச் செய்யலாம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, வயிறு எழும்பும்படி மெல்ல மூச்சிழுத்து, அடிப்பகுதி இளகுவதைக் கவனித்தபடி மூச்சை விடுதல், குத்தவைத்து உட்காரும் நிலையில் சுவரைப் பிடித்தபடி சில நிமிடம் இருத்தல், நாள்தோறும் நடத்தல்.

ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். ‘கீகல்’ என்ற பெயரில் காணொளிகளில் பரவும் பயிற்சி தசையை இறுக்குவது. சிறுநீர் கசிவுக்கு அது நல்லது. ஏற்கெனவே இறுகியிருக்கும் தசைக்கு அது வலியைக் கூட்டும். மருத்துவர் சொல்லாமல் செய்யக் கூடாது.

வெந்நீர்த் தொட்டியில் இடுப்பளவு அமர்தல் பழைய வைத்தியம்தான், இன்றும் செல்லும். அகன்ற பாத்திரத்தில் கை பொறுக்கும் சூட்டில் நீர் ஊற்றிப் பதினைந்து நிமிடம் அமரலாம். குளிரால் இவ்வலி கூடுகிறது என்பதை வட ஐரோப்பிய நோயாளிகளிடம் நடந்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி இறங்கும் மூணாறுப் பகுதியில் அதற்கு ஆய்வு வேண்டியதில்லை. ஆண்டுதோறும் அப்பருவத்தில் தொல்லை கூடுவதை நோயாளிகளே அறிவார்கள். ஈரக் கால்சட்டையோடு பணி முடியும்வரை நிற்காமல் மாற்றிக்கொள்வது, இரவில் அடிவயிற்றுக்குக் கம்பளி சுற்றுவது ஆகியன சிறிய செய்திகளே என்றாலும் பயனுடையவை.

தோட்ட லயங்களில் வசிப்போருக்கு இரவுச் சிறுநீர் வெறும் தூக்கக் கேடன்று. கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருக்கும் வரிசைகளில், யானை நடமாட்டமுள்ள சின்னக்கானல், சூரியநெல்லிப் பக்கங்களில், மூன்று முறை எழுந்து வெளியே போவது உயிருக்கே ஆபத்தானது. மாலை ஆறு மணிக்கு மேல் தேநீரைக் குறைத்து, நாளின் நீரை முற்பகலிலேயே குடித்துவிடுவதும், படுக்கையருகே பாத்திரம் வைத்துக்கொள்வதும் அங்கே கூச்சப்படவேண்டிய செயல்கள் அல்ல. அடக்கி வைத்து விடியும்வரை காத்திருப்பதே தீங்கு.

நெடுநேரம் அமர்ந்து ஓட்டுவோர் ஒன்றரை மணிக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். நடுவில் குழிவுள்ள இருக்கைத் திண்டு அழுத்தத்தைக் குறைக்கும். மலச்சிக்கல் வலியைக் கூட்டும். நார்ச்சத்துள்ள உணவு தேவை. காரம், காப்பி, மது சிலருக்கு எரிச்சலைத் தூண்டும், எல்லோருக்கும் அல்ல. இரண்டு வாரம் ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்த்து, வேறுபாடு தெரிந்தால் விலக்கலாம். கேரளத்தின் பெரும்பகுதிக்குக் கள் இறக்கி அனுப்பும் சித்தூரில் இந்த அறிவுரை எத்தனை பேர் காதில் ஏறும் என்பது வேறு விஷயம்.

மாற்றுச் சிகிச்சைகளில் அக்குபஞ்சருக்குத்தான் வலுவான சான்று இருக்கிறது. சீனாவில் 440 ஆண்களிடம் எட்டு வாரங்களில் 20 அமர்வுகளாக நடத்தப்பட்டு 2021-ல் வெளியான ஆய்வில், போலி ஊசி பெற்றவர்களில் 37 சதவீதத்தினரும் உண்மை ஊசி பெற்றவர்களில் 61 சதவீதத்தினரும் ஆறுதல் அடைந்தனர். அப்பலன் மேலும் ஆறு மாதங்கள் நீடித்தது. நெருஞ்சில் கஷாயம் போன்ற வீட்டு வைத்தியங்களுக்கு இந்நோயில் அப்படிப்பட்ட சான்று இல்லை. குடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் இருந்தால் போதும்.

மனமும் மணவாழ்வும்

இந்த வலியோடு வாழ்பவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் அதிகம். ‘இது ஒருபோதும் ஆறாது’ என்ற எண்ணம் வலியின் கடுமையையே கூட்டுகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. விந்து வெளியேறும்போது வலிப்பதால் மணவாழ்வில் விலகல் ஏற்படுகிறது. காரணத்தைச் சொல்லாதபோது மனைவி வேறுவிதமாகப் புரிந்துகொள்கிறார். கிருமியில்லாத வகை யாருக்கும் தொற்றாது. தாம்பத்தியத்தை நிறுத்தவும் வேண்டியதில்லை. இது புற்றுநோயாக மாறும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இவற்றைக் கணவன், மனைவி இருவரையும் சேர்த்து அமரவைத்து மருத்துவர் சொன்னால் நல்லது. பேச ஆள் இல்லாதோர் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416-ஐ இரு மாநிலங்களிலிருந்தும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

இந்தக் கூச்சத்தையே முதலாக்கி, விடுதி அறைகளில் மாதம் ஒருமுறை முகாமிட்டு ‘ஆண்மை நோய்கள் அனைத்தும் தீரும்’ என்று சுவரொட்டி ஒட்டுவோர் இருக்கின்றனர். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபணைக்குரிய விளம்பரங்கள்) சட்டம், எந்தெந்த நோய்களைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று பட்டியலிடுகிறது. அப்பட்டியலில் புரோஸ்டேட் சுரப்பிக் கோளாறுகளும் இருக்கின்றன.

எங்கே போவது

முதலில் அருகிலுள்ள குடும்ப சுகாதார மையம் அல்லது வட்ட மருத்துவமனை. சிறுநீர், சர்க்கரைச் சோதனைகளையும் தொடக்கச் சிகிச்சையையும் அங்கேயே முடிக்கலாம். அதற்கு மேல் வேண்டுமெனில் தேடவேண்டியது யூராலஜி பிரிவு. நெஃப்ராலஜி சிறுநீரகச் செயலிழப்பைப் பார்க்கும் பிரிவு. தமிழில் இரண்டையும் ‘சிறுநீரகத் துறை’ என்று எழுதுவதால் தவறான வரிசையில் அரை நாள் நின்றுவிட்டுத் திரும்புவோர் உண்டு. பாலக்காட்டினருக்குத் திருச்சூர், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எட்டும் தொலைவில் உள்ளன. மூணாறிலிருந்து கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். தேனி 90 கிலோமீட்டருக்குள் இருப்பதால் பலர் மலையிறங்கித் தேனிக்கும் மதுரைக்கும் போகிறார்கள்.

இரண்டு மாநிலங்களில் மாறி மாறிப் பார்ப்பதில் தவறில்லை. இரண்டு இடத்துச் சீட்டுகளும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பதே தவறு. ஒரே கோப்பில் தேதிவாரியாக எல்லாச் சோதனை முடிவுகளையும், குறிப்பாகக் கிருமி வளர்ப்புச் சோதனைத் தாள்களையும், கோத்து வைத்துக்கொள்ள வேண்டும். கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய சுரட்சா திட்டமும் தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் முதன்மையாக உள்நோயாளிச் சிகிச்சைக்கானவை. மாதக்கணக்கில் வெளிநோயாளியாகத் தொடரும் இந்நோய்க்கு அவற்றைவிட அரசு மருத்துவமனையின் இலவச மருந்துப் பிரிவே பயன்படும்.

முன்னேற்றம் மெதுவாகத்தான் வரும். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஒரு சிகிச்சையைச் சரியாகச் செய்து, அறிகுறி மதிப்பெண்ணைப் பார்த்து, அதன் பின் தொடர்வதா மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும். இடையில் குளிரிலோ நெடும்பயணத்துக்குப் பின்னோ தொல்லை திரும்பினால் அது புதிய தொற்று என்று பொருளல்ல. வெந்நீர், ஓய்வு, மூச்சுப் பயிற்சி ஆகியவற்றை இரண்டொரு நாள் செய்து பார்க்கலாம்.

காத்திருக்கக் கூடாத சில நிலைகளும் உண்டு. குளிர்நடுக்கத்தோடு கடுங்காய்ச்சல், சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொள்ளுதல், சிறுநீரில் இரத்தம், கால்கள் மரத்துப்போதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மலைப்பகுதிகளில் இரவானாலும் விடியட்டும் என்று இருக்காமல், இரு மாநிலங்களிலும் இயங்கும் 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம்.